லைன்ல போய் வாங்கிட்டு வா

நான் முதன்முதலில் சம்பளம் வாங்கியது தூத்துக்குடி பீச் ரோட்டில் இருந்த ஒரு கிளியரிங் ஏஜென்சியில். 1998. பி.காம். ரிசல்ட் வந்த மறுவாரமே சேர்ந்துவிட்டேன். மூன்றாம் நாள் முதலாளி அண்ணாச்சி ஒரு பழுப்புக் கவரைக் கையில் கொடுத்து, "தம்பி, லைன்ல போய் டி.ஓ. வாங்கிட்டு ஓடியா. பெட்டி இன்னைக்கே வெளிய வரணும்" என்றார்.

டி.ஓ. என்றால் டெலிவரி ஆர்டர் என்று அதற்குள் தெரிந்திருந்தது. பெட்டி என்றால் கன்டெய்னர். லைன் என்றால் என்னவென்று கேட்கத் தோன்றவில்லை. லைன் தெரியாத மனுஷன் உண்டா? ரேஷன் கடையில் நின்றது லைன், தியேட்டரில் நின்றது லைன். ஆபீஸ் டி.வி.எஸ். ஐம்பதை எடுத்துக்கொண்டு நேரே துறைமுகத்துப் பக்கம் போனேன். அங்கே ஒரு கவுண்டர் முன்னால் இருபது பேர் நின்றார்கள். ஆள் நிற்கிறார்கள் என்றால் அதுதான் லைன். நானும் நின்றேன், ஒன்றரை மணி நேரம்.

என் முறை வந்தது. உள்ளே இருந்தவர் கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த லைன்?" என்றார்.

"இந்த லைன்தான் சார்" என்றேன், பின்னால் நின்றவர்களைக் காட்டி.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பின்னால் நின்ற ஒருவர்தான் தோளில் தட்டிச் சொன்னார்: "ஏ தம்பி, இது வரி கட்டுற லைனு. நீ போக வேண்டியது கப்பல் லைனு. அது உங்க ஆபீஸ்ல இருந்து நாலாவது கட்டடம்லா!"

நாலாவது கட்டடத்துக்கு நான் திரும்பி வந்தபோது கேஷ் கவுண்டரை மூடியிருந்தார்கள். பெட்டி மறுநாள்தான் வெளியே வந்தது. அந்த ஒரு நாள் வாடகையை அண்ணாச்சி என் சம்பளத்தில் பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஆபீஸில் இருந்த ஆறு வருஷமும் எனக்கு 'வரிசை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. "வரிசையைக் கூப்பிடு", "வரிசைக்கு ஒரு டீ சொல்லு." கல்யாணப் பரிசில்கூட அப்படித்தான் எழுதினார்கள்.

அன்றிலிருந்து இந்த ஒரு சொல்மேல் எனக்கு ஒரு கண். ஊரில் யார் எதை லைன் என்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிவேன். இங்கிலீஷ் அகராதியில் அதற்குப் பக்கம் பக்கமாகப் பொருள் போட்டிருக்கிறான். நம்மூர்க்காரர் யாரும் அந்தப் பக்கங்களைப் புரட்டி எடுத்துக்கொள்ளவில்லை. அவரவர் செய்த வேலையோடு எந்தத் துண்டு வந்து சேர்ந்ததோ, அந்தத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தர் துண்டு இன்னொருத்தருக்குத் தெரியாது. தெரியாமல் போனால் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

கப்பல் நடத்தும் கம்பெனிக்கு ஏன் லைன் என்று பெயர் வந்தது? குறித்த நாளில், குறித்த துறைமுகங்களைத் தொட்டு, படத்தில் கோடு இழுத்த மாதிரி ஒரே வழியில் போய்வருவதால். அப்படி ஓடும் கப்பல் லைனர். சரக்குக் கிடைத்த பக்கமெல்லாம் போகும் கப்பலுக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயர் டிராம்ப், அதாவது நாடோடி. நம் பாஷையில் சொன்னால் முதலாவது ரூட் பஸ், இரண்டாவது லோடு வேன். ராக் பாஸ்பேட் மாதிரிக் கொட்டு சரக்கு பெரும்பாலும் லோடு வேனில் வரும். பெட்டி எல்லாம் ரூட் பஸ். அதிலும் நான் வேலை பார்த்த காலத்தில் தூத்துக்குடிக்கு வந்ததெல்லாம் அநேகமாக மினி பஸ்தான். ஃபீடர் கப்பல் இங்கே பெட்டியை ஏற்றிக்கொண்டு கொழும்பில் இறக்கும். அங்கிருந்து மெயின் லைன் கப்பல் சிங்கப்பூருக்கோ ஐரோப்பாவுக்கோ கொண்டுபோகும்.

இதில் கல்யாணத் தரகர்கள் படுத்திய பாடு தனி. "மாப்ள ஷிப்பிங் லைன்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஷிப்பிங் தொழிலில் ஏதோ ஒரு மூலையில் இருந்தாலும் அதே வாக்கியம். பெரிய வெளிநாட்டு ஷிப்பிங் லைனில் மேஜை நாற்காலியோடு இருந்தாலும் அதே வாக்கியம். எனக்குப் பெண் பார்த்தபோது என் மாமனாரும் இரண்டாவது அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

எங்களூரில் வ.உ.சி. தொடங்கிய கப்பல் கம்பெனிக்கு லைன் என்று பெயர் கிடையாது. 1906 அக்டோபரில் பதிவானது சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. 10 லட்ச ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. பெயரில் லைன் இல்லையே தவிர, அவர் செய்தது அச்சு அசலாக லைன் போடுகிற வேலைதான்: தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே, சொன்ன நாளில் சொன்ன கட்டணத்துக்கு. ஆரம்பத்தில் சொந்தக் கப்பல் இல்லாமல் வாடகைக்கு எடுத்த கம்பெனியின் பெயரைத் தமிழ்ப் புத்தகங்களில் 'ஷாலைன் ஸ்டீமர்ஸ்' என்று ஒட்டிப் போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாவின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி நெருக்கியதில் அந்த அம்மா கப்பலைத் திருப்பி எடுத்துக்கொண்டார் என்றும் கற்பனை செய்திருக்கிறேன். ஷா, லைன் என்று பிரித்துப் படிக்கத் தெரிந்தது பீச் ரோட்டுக்கு வந்த பிறகுதான்.

அதற்குப் பிறகுதான் 1907இல் காலியா, லாவோ என்று இரண்டு சொந்தக் கப்பல். கட்டணப் போட்டியில் வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டை இலவசமாக்கிக் குடையும் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். தூத்துக்குடியில் குடைக்கு என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. மழைக்கு இல்லாவிட்டாலும் எங்களூர் வெயிலுக்கு அது நல்ல லஞ்சம்தான். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். தலைவர் சிறைக்குப் போன பிறகு கம்பெனி தாங்கவில்லை.

ஒரு லைனைப் பிடித்து வந்த எனக்கு, அடுத்த லைன் கப்பல் மேடையில் கிடைத்தது. ஒருமுறை கப்பல் அணையும்போது அவசரக் காகிதம் ஒன்றோடு பெர்த்தில் நிற்க வேண்டியிருந்தது. அதுவரை கப்பலைக் காகிதத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். கப்பல் கிட்ட வந்ததும் மேலிருந்து ஒரு மெல்லிய கயிற்றைச் சுழற்றி வீசினார்கள். நுனியில் உருண்டையாக ஒரு முடிச்சு, கனத்துக்காக. கீழே இருந்தவர்கள் அதைப் பிடித்து இழுக்க, அதன் வாலில் தொடை கனத்துக்குப் பெரிய கயிறு தண்ணீரிலிருந்து சொட்டச் சொட்ட ஏறி வந்தது. அதன் கண்ணியைக் கரையிலிருந்த இரும்புக் குற்றியில் மாட்டினார்கள். பக்கத்தில் நின்ற ஏஜென்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஃபர்ஸ்ட் லைன், ஆறு நாப்பத்திரெண்டு" என்று எழுதிக்கொண்டார். பிறகு ஹெட் லைன், ஸ்டெர்ன் லைன், பிரெஸ்ட் லைன், ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாகக் கட்டி முடிந்ததும் "ஆல் ஃபாஸ்ட்." அந்த நிமிஷங்களுக்கெல்லாம் பணம் உண்டு. கப்பல் வந்து சேர்ந்தது எப்போது என்று பின்னால் சண்டை வந்தால், இந்தக் குறிப்பைத்தான் எடுத்து விரிப்பார்கள்.

"இவ்வளவு பெரிய கயித்தைப் போய் லைனுங்கியளே" என்று கேட்டேன். ஏஜென்ட் சிரித்தார். கடையில் கிடக்கிறவரைக்கும்தான் ரோப். கப்பலேறி வேலைக்குச் சேர்ந்துவிட்டால் லைன்.

எங்களூர்த் தோணிக்காரர்களுக்கு இந்தச் சொல் தேவைப்பட்டதே இல்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போன தோணிகளில் ஒவ்வொரு கயிற்றுக்கும் தனிப்பெயர் உண்டு. பாயை மேலே தூக்குவது ஆஞ்சான். பாயின் பின்முனையைப் பிடித்துக் காற்றுக்குத் தக்கபடி விடுவதும் இழுப்பதும் தாமான். தோணியை நடத்தும் தண்டல் இருட்டில் கத்தும்போது "கயிறை இழு" என்றால் எந்தக் கயிறு என்று யாருக்குத் தெரியும்? பெயர் சொன்னால்தான் கை சரியான இடத்துக்குப் போகும். தோணிகள் எஞ்சினுக்கு மாறியபின் ஆஞ்சானும் தாமானும் அகராதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. எஞ்சின் தோணியில் நான் கேட்டதெல்லாம் ஆயில் லைன், டீசல் லைன்.

இங்கிலீஷ் லைனுக்குப் பிறந்தகம் எது என்று ஒருநாள் தேடிப் பார்த்தேன். லத்தீனில் லீனும் என்றால் ஆளிச் செடி. அந்தச் செடியின் நாரில் திரித்த நூல் லீனியா. லினன் துணியும் தையல்காரர் ஜாக்கெட்டுக்கு உள்ளே வைக்கும் லைனிங்கும் அதே குடும்பம். நூலை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும், அதிலிருந்து கோடு. கோட்டில் அடுக்கினால் வரிசை. ஆக, லைன் முதலில் ஒரு நூல். பருத்தி நூல் நூற்ற கோரல் மில் இருந்த ஊர்க்காரனுக்கு இதைப் படித்தபோது ஒரு சின்ன சந்தோஷம். 1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நிற்க, தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி ஜெயித்த அதே மில்தான்.

நாமும் நூலை வைத்து இதே வித்தையைச் செய்திருக்கிறோம். கொத்தனார் நூல் கட்டாமல் சுவர் எழுப்ப மாட்டார். 'நூல் பிடித்த மாதிரி' என்றால் அணுவளவும் பிசகாமல். தச்சரிடம் போனால் "ரெண்டு நூல் கூடுதலா இருக்கு" என்பார், அங்கே நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. புத்தகத்துக்கும் நூல் என்றே பெயர். மரத்தின் கோணலைத் தச்சன் நூல் பிடித்துத் தீர்ப்பதுபோல மனசின் கோணலைத் தீர்ப்பதால் அந்தப் பெயர் என்று நன்னூல் காரணம் சொல்லும். வெள்ளைக்காரன் நூலிலிருந்து கப்பல் கம்பெனிக்குப் போனான், நாம் நூலிலிருந்து புத்தகத்துக்குப் போனோம். யார் தூரமாகப் போனது என்று சொல்ல முடியவில்லை.

இதைவிட வேடிக்கை கோடு. லைனுக்குத் தமிழ் என்ன என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் கோடு என்று சொல்லும். பழந்தமிழில் கோடு என்றால் யானைத் தந்தம், மாட்டுக் கொம்பு, மரக்கிளை, மலைமுகடு, ஏரிக்கரை. எல்லாம் வளைந்தவை! கோடுதல் என்றால் வளைதல். நீதி வளைந்துபோவதைச் சொல்ல வள்ளுவர் எடுத்ததும் இதே சொல்தான். வளைந்ததற்கு வைத்த பெயரை இன்றைக்கு நேராக நிற்பதற்கு வைத்திருக்கிறோம். இன்னொன்று: கோடு என்றால் சங்கு என்றும் ஒரு பொருள். முத்துக்கும் சங்குக்கும் பேர்போன கடற்கரையில் இருந்துகொண்டு இது எனக்கு நாற்பது வயதுவரை தெரியாது. எங்கள் பாட்டி 'கோர்ட்டு'க்கும் கோடு என்றுதான் சொல்வாள். "கோடு ஏறிட்டா பிறகு வீடு மிஞ்சாது" என்பாள். அந்த அர்த்தத்தை எந்தப் பேரகராதியும் சேர்த்துக்கொள்ளாது, சேர்த்துக்கொண்டால் நல்லது.

சரி, கடலுக்கே திரும்புவோம். கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும், பக்கத்தில் ஏணி மாதிரிச் சில கோடுகளும் வரைந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அது லோடு லைன். சரக்கு ஏற ஏறக் கப்பல் அமிழும், எந்தக் கோடு வரை அமிழலாம் என்பது கணக்கு. கோடைக்கு ஒரு கோடு, குளிர்காலத்துக்கு ஒரு கோடு, எங்களைப்போன்ற வெப்ப நாட்டுக் கடலுக்கு ஒரு கோடு, நல்ல தண்ணீருக்குத் தனிக் கோடு. நல்ல தண்ணீர் கப்பலைத் தாங்குவது கம்மி. உப்புத் தண்ணீரின் அருமை தூத்துக்குடிக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டைக் கப்பலில் அளவுக்கு மீறி ஏற்றி, கப்பல் முழுகினால் இன்சூரன்ஸ் பணம் என்று முதலாளிகள் இருந்த காலத்தில், மாலுமிகளுக்காக இங்கிலாந்துப் பார்லிமென்டில் கத்திக் கூப்பாடு போட்டவர் சாமுவேல் பிளிம்சால். 1876இல் சட்டம் வந்தது. கோட்டுக்கு இன்னமும் பிளிம்சால் லைன் என்று பெயர்.

அதே 1876இல்தான் தூத்துக்குடிக்கு இரும்பு லைன் வந்தது. மதுரையிலிருந்து மணியாச்சி வழியாக ரயில். இன்றைக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலி போகிறவர்கள் மணியாச்சியில் பிரிந்து போகும் எங்கள் பாதையைக் கிளை லைன் என்று ஏளனமாகப் பார்ப்பார்கள். அன்றைக்கு முக்கியமானது நாங்கள், கிளை அவர்கள். சென்னையில் ரயிலேறித் தூத்துக்குடியில் இறங்கி, கப்பலேறிக் கொழும்புக்குப் போவதுதான் வழி. 1914இல் பாம்பன் பாலம் வந்து தனுஷ்கோடி வழி திறந்ததும், கப்பலுக்கு ஆள் கொண்டுவந்த அந்த ரயில், போட் மெயில், அந்தப் பக்கம் போய்விட்டது. பாலம் வந்தது என்று ஊரே கொண்டாடியிருக்கும், எங்கள் ஊரைத் தவிர. மெயின் லைன், கார்டு லைன் என்ற பஞ்சாயத்து ரயில் பைத்தியங்களுடையது. அதற்குள் போனால் இந்தப் பதிவு விழுப்புரத்தைத் தாண்டாது. 'லைன் கிளியர்' மட்டும் சொல்ல வேண்டும். அடுத்த ஸ்டேஷன்வரை வண்டி ஏதும் இல்லை, நீ போகலாம் என்று ஸ்டேஷன் மாஸ்டர் கொடுக்கும் அனுமதி அது. அதை எங்கள் காலேஜ் பையன்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். லைன் அடிப்பது, லைன் விடுவது, லைன் கிளியரா என்று விசாரிப்பது. லண்டனில் போய் ஒரு பெண்ணைப் பார்த்து லைன் அடித்தேன் என்றால் ஸ்கேலை எடுத்துக் கொடுப்பான். அது முழுக்க இந்த மண்ணில் விளைந்தது.

அந்த மணியாச்சிப் பாதையில் தட்டப்பாறை என்று ஒரு சின்ன ஸ்டேஷன். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளைக் கப்பலேற்றுவதற்கு முன் தங்கவைத்துச் சோதித்துப் பார்க்கும் முகாம் அங்கே இருந்தது. பின்னால் அந்த வேலை மண்டபம் என்ற ஊருக்குப் போயிற்று. அங்கிருந்து போனவர்களுக்குத் தோட்டத்தில் கிடைத்த வீட்டுக்கும் லைன் என்றுதான் பெயர். ஒரே கூரையின்கீழ், நடுச்சுவர் பொதுவாக, வரிசையாக அறைகள். ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி. தோட்டக்காரர்கள் அந்தச் சொல்லை லயன் என்றார்கள், பிறகு லயம் என்றார்கள். லயம்! பாட்டில் வருகிற அதே சொல்லாக ஆகிவிட்டது. மலையகத்து எழுத்தாளர்களின் கதைகளில் 'லயத்துக்குப் போனாள்', 'லயத்து வாசல்' என்று முதலில் படித்தபோது ஏதோ மலைநாட்டு அழகு என்று நினைத்தேன். நான் பெட்டிக்கு டி.ஓ. வாங்கிய லைனும் அதுவும் ஒன்றுதான் என்று புரிந்த அன்று கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். தூத்துக்குடித் துறையில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிய சொல், நூறு வருஷத்துக்கு மேல் அந்த அறையை விட்டு வெளியே வர முடியாத மனிதர்களோடு இருந்து தமிழாகிவிட்டது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று முடிவு செய்தார்கள். திரும்பி வந்தவர்கள் லயத்தை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். என்னோடு ஏஜென்சியில் டைப்பிஸ்ட்டாக இருந்த அக்காவின் குடும்பம் அப்படி வந்ததுதான். வாடகை வீட்டுக்கு அவர் "லயம் பாத்துட்டேன், அட்வான்ஸ் குடுக்கணும்" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் ஏன் சிரிக்கிறோம் என்று கேட்க மாட்டார்.

சிரிக்க எங்களுக்கு என்ன யோக்கியதை? நானே லைன் வீட்டில் பிறந்தவன். ஆறு வீடு, ஒரு கிணறு, இரண்டு கக்கூஸ். திருநெல்வேலிக்காரர்கள் இதை அழகாக வளவு என்பார்கள். அதே வீடு, பெயர் வேறு. நாலாவது வீட்டில் கடுகு தாளித்தால் முதல் வீட்டில் தும்மல் வரும். அந்த ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரு போன் இருந்தது, முதல் வீட்டில். "லைன்ல இருக்காங்க" என்று கத்தினால் கடைசி வீட்டிலிருந்து ஈரக் கையோடு ஓடி வரவேண்டும். வருவதற்குள் லைன் கட்டாகிவிடும். லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறினால்தான் சரியாகும், ஆனால் போன் லைன்மேன் வேறு, கரண்ட் லைன்மேன் வேறு. இதைக்கூட நாங்கள் அனுபவத்தில்தான் கற்றோம்.

இன்னும் எத்தனையோ. கிரிக்கெட் வர்ணனையில் லைனும் லெங்த்தும். 'ஆன்லைன்ல கட்டிட்டேன்' என்கிறாள் என் மகள், கவுண்டரில் நிற்கிற லைனை ஒழித்த லைன் அது. ஆபீஸில் எல்லோரும் பயப்படும் டெட்லைன், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துச் சிறை முகாமில் கைதிகளைச் சுற்றிப் போட்ட கோடு, தாண்டினால் சுட்டுவிடுவார்கள். என் மேனேஜருக்கு இது தெரியாமலிருப்பதே நல்லது.

போன மாசி மாதம் ஒரு வேலையாகத் திரேஸ்புரம் போயிருந்தேன். வலை பின்னுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர், காது கொஞ்சம் மந்தம். கடலுக்கடியில் இருந்தவர்களுக்கு அது வழக்கம். பேச்சுக் கொடுத்ததில் 1961 சலாபத்தில் குளித்தவர் என்று தெரிந்தது. எங்களூரில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு அது. அதற்குப் பிறகு கடலடிப் பார்களில் சிப்பி அந்த அளவுக்குச் சேரவே இல்லை. 1973இல் ஆராய்ச்சி நிலையத்தில் அழகர்சாமி என்ற விஞ்ஞானி தூத்துக்குடியிலேயே சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார். அதெல்லாம் வேறு கதை. பெரியவர் முத்துக்குப் பிறகு சங்குக் குளிக்குப் போய்விட்டார்.

என் பழைய புத்தி போகுமா? "தாத்தா, நீங்க எறங்குன கயித்தை லைனும்பீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை, 1998இல் அந்தக் கவுண்டர்க்காரர் பார்த்த அதே பார்வை.

"கயிறுய்யா" என்றார். "ஒண்ணுல கல்லு. கால வச்சு நின்னா எட்டுப் பாகம் கண்ண மூடித் தொறக்குமுன்ன தரை. இன்னொண்ணுல சிப்பி போடுற பை. அத அசைச்சா மேல இருக்கவன் தூக்கணும். அசைச்சது தெரியலைன்னா அவ்வளவுதான்."

மேலே கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் வைப்பார்கள், தங்கச்சி தாலிமேல் அவனுக்குத்தான் அக்கறை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டே, உண்மையா என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எம் மச்சான் மேல உக்காந்து பீடி குடிச்சிட்டே தூங்கிருவான். நான் எங்க சின்னையாவத்தான் வைப்பேன்."

அப்போது அவருடைய பேரன் வந்தான். நாட்டுப்படகில் தூண்டிலுக்குப் போகிறவன். ஆயிரங்கால் தூண்டில், மைல் கணக்கில் நீளும் நரம்பு, அதில் நூற்றுக்கணக்கில் முள். அதைத்தான் எங்கள் எக்ஸ்போர்ட் காகிதங்களில் லாங் லைன் என்று டைப் அடிப்போம். அவன் கையில் ஜி.பி.எஸ். கருவி இருந்தது. பேட்டரி போய்விட்டது என்று கடைக்கு எடுத்துப்போய்த் திரும்பியிருந்தான். தாத்தாவிடம் காட்டுவதற்காக ஆன் பண்ணினான். சின்னத் திரையில் கரை, சில புள்ளிகள், வலது ஓரமாக மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கீற்று. 1976 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடாவுக்கு எழுதிக்கொண்ட எல்லை அது. அந்தப் புள்ளிகளை அவனே உள்ளே ஏற்றி இணைத்திருக்கிறான், தாண்டாமல் இருக்க. தாண்டினால் இலங்கை நேவி பிடித்துக்கொள்ளும், படகு போனால் போனதுதான்.

பெரியவர் கருவியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அவருக்குத் தெரிந்த கடலில் தொலயிரம் பார் உண்டு, நீரோட்டம் உண்டு, வாடைக்காற்று உண்டு. விரலால் அந்தக் கறுப்புக் கீற்றைத் தொட்டார்.

"இது என்னலே கோடு?"

"கோடு இல்ல தாத்தா" என்றான் பேரன், கருவியைத் திரும்ப வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டே. "லைனு."